ஒரே உலை: மதுரையில் சீடத்துவத்தின் நானூறு ஆண்டுகள்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சீடத்துவம். தலித் இலக்கிய மேடையில் சபைப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். மதுரையைச் சுற்றியுள்ள சேரிகளில் கிறிஸ்தவம் தழுவிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தவர் பெரும்பாலும் ஓர் உபதேசியாரிடம் படித்தவராக இருப்பார். முதன்முதலாக மேடையேறிப் பேசியவர் ஒரு வாலிபர் ஐக்கியத்தில் பேசியவராக இருப்பார். நம்முடைய வாசிப்பும் எழுத்தும் அமைப்பு கட்டும் பழக்கமும் எங்கிருந்து வந்தன என்று தேடினால், அவற்றில் ஒரு வேர் அங்கே போய் நிற்கிறது. எனவே இது நம்முடைய வரலாறுதான்.

பழைய தமிழ் வேதாகமம் 'சீஷர்' என்று எழுதியது. கத்தோலிக்கர் 'சீடர்' என்றார்கள். சேர்ந்து ஜெபிப்பதற்கும் சேர்ந்து வாழ்வதற்கும் சபைகள் வைத்திருக்கும் சொல் 'ஐக்கியம்'. சொல்லளவில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை அது எப்படிப் புழங்கியது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதற்காக மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம். குருவும் சீடரும் சாப்பிட்ட சோற்றைச் சமைத்தது யார், அதைச் சுற்றி உட்கார்ந்தது யார்? சீடர் குருவை என்ன சொல்லி அழைத்தார்? குரு தவறும்போது அவரைத் திருத்தும் இடம் சீடருக்கு இருந்ததா?

இந்தக் கேள்விகளைச் செல்லூரில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நாம் பேசப்போகும் இடங்கள் எல்லாம் இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. வைகையைத் தாண்டினால் பழைய கோட்டைக்குள் இருந்த மதுரை, மேற்கே அரசரடி, அதையும் தாண்டித் திருமங்கலம் சாலையில் பசுமலை. தறியையும் கூலி வேலையையும் நம்பி வாழ்ந்த வடகரை மக்களின் வாசலில்தான் இந்த நானூறு ஆண்டுக் கதை நடந்திருக்கிறது.

சமையற்காரரை மாற்றிய குரு

1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே, 1590களிலிருந்து கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியத் துறவி இங்கே இருந்தார். அவரிடம் ஒரு கோயிலும் பள்ளியும் இருந்தன. அங்கே வந்தவர்கள் முக்கியமாகக் கடற்கரையிலிருந்து வந்து மதுரையில் தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்கள். ஊரார் பார்வையில் அது 'பரங்கி' மார்க்கம். மாட்டிறைச்சி உண்பவர்களின், குடிப்பவர்களின், சாதி கெட்டவர்களின் மார்க்கம்.

நொபிலி இந்தப் பெயரைக் களைய முடிவு செய்தார். தான் பரங்கி இல்லை, ரோமாபுரிப் பிரபு குலத்தவன், துறவி என்றார். பெர்னாண்டஸின் வீட்டை விட்டு வெளியேறித் தனிக் குடிலில் தங்கினார். காவி உடுத்தினார், ஒருவேளை மரக்கறி உணவு உண்டார். அந்த உணவைச் சமைக்கப் பிராமணர் ஒருவரை வைத்துக்கொண்டார். தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். 'தத்துவ போதகர்' என்று பெயர் பெற்றார்.

அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட நாம் வரவில்லை. தமிழ் உரைநடையில் கிறிஸ்தவ மெய்யியலை எழுதிய முன்னோடி அவர். கற்றுக்கொள்ளத் தெரிந்தவர். சிவதர்மர் என்ற பிராமணரிடம் மாணவராக உட்கார்ந்து சமஸ்கிருதம் படித்தார். அந்த ஆசிரியரே பின்னர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். குருவே சீடராகி, சீடரே குருவான நிகழ்ச்சி அது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டாரிடம் கற்க எதுவும் இல்லை என்று நினைத்த காலத்தில் இது சிறிய காரியம் இல்லை.

ஆனால் நம்முடைய முதல் கேள்வியைக் கேட்போம். உலையை ஏற்றியது யார்? சமையற்காரரின் சாதியே குருவின் தகுதிச் சான்றாக ஆன இடத்தில், அந்தக் குருவின் பந்தியில் யார் உட்கார முடியும்? மதுரையில் ஒரே மார்க்கத்துக்கு இரண்டு கோயில்கள் ஆயின. நொபிலியிடம் வந்த மேல்சாதிச் சீடர்கள் பெர்னாண்டஸின் கோயிலோடு கலக்கவில்லை. நற்செய்தி மேலிருந்து கீழே இறங்கும் என்பது நொபிலியின் கணக்கு. நானூறு ஆண்டுகளாக நாம் பார்த்தது, அது மேலேயே தங்கிக்கொண்டதைத்தான்.

இதை எதிர்த்து பெர்னாண்டஸ் 1610ல் மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு கோவாவுக்கும் ரோமாபுரிக்கும் போயிற்று. 1623ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே ஆவணத்தில், உயர்குலத்தார் எளியவரை, குறிப்பாகக் கோயிலுக்குள், ஒதுக்கி வைக்கலாகாது என்றும் சொல்லியிருந்தார். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பூணூலுக்குக் கிடைத்தது அனுமதி. சமத்துவத்துக்குக் கிடைத்தது அறிவுரை. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. அறிவுரை ஏட்டில் இருந்தது.

வாசலில் நின்ற சாமி

1640 முதல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கிப் 'பண்டாரசாமிகள்' என்ற இரண்டாவது வரிசை உருவானது. பிராமண சன்னியாசியாக வாழும் துறவியால் ஒடுக்கப்பட்ட மக்களை நெருங்க முடியாது என்பதால், சைவப் பண்டாரங்களைப் போன்ற கோலத்தில் வேறு துறவிகள் அவர்களிடம் போனார்கள். இதனால் ஏராளமான மக்கள் மதுரை மிஷனில் சேர்ந்தார்கள். ஆனால் அமைப்பை உற்றுப் பாருங்கள். மேல்சாதிக்கு ஒரு குரு, மற்றவர்க்கு ஒரு குரு. ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு துறவிகளே ஊரார் கண்முன் கலந்து பழக முடியாத நிலை. சீடர்களுக்குள் இருந்த சாதியைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் குருமாருக்கும் சாதி வந்து சேர்ந்தது.

இதன் உச்சத்தை 1704ல் பார்க்கிறோம். திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், மிஷனரிகளின் நடைமுறைகளை விசாரித்து ஆணை வெளியிட்டார். அதில் ஒரு பகுதி பறையர் வீடுகளைப் பற்றியது. சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குரு போய்ச் சடங்குகளைச் செய்ய வேண்டும் என்றார் அவர். இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதுவரை நடந்தது என்ன என்று தெரிகிறது. நோயாளியைத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. சாமி வாசலைத் தாண்டவில்லை.

இந்த ஆணையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். வீட்டுக்குள் போனால் மேல்சாதியார் மதத்தை விட்டே போய்விடுவார்கள் என்பது வாதம். 1744ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னார். ஒரு சமரசம் ஏற்கப்பட்டது: பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை நியமிப்பது. மரணப் படுக்கையில்கூட ஒரே குரு இல்லை.

இந்த நூற்றாண்டுகளில் மிஷனரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அன்றாடம் மக்களோடு இருந்து ஜெபம் சொல்லிக் கொடுத்து, சண்டை தீர்த்து, சாவு வீட்டில் கூட நின்றவர்கள் உள்ளூர் உபதேசியார்கள். வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்து சோறு தின்ற குரு அவர்தான். மிஷன் வரலாறுகளில் அவர்கள் பெரும்பாலும் 'எங்கள் உபதேசியார் ஒருவர்' என்றே வருகிறார்கள். சீடத்துவத்தின் உண்மையான வரலாற்றை எழுதப் புகும் மாணவர் யாராவது இங்கே இருந்தால், பெயரில்லாத அந்த வரிகளிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பந்தி கலைந்த 1847

1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கன் மிஷனார் மதுரைக்கு வந்தார்கள். 1842ல் திருமங்கலத்தில் தொடங்கிய அவர்களுடைய செமினரி 1845ல் பசுமலைக்கு மாறியது. உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் உருவாக்கிய இடம் அது. அங்கே 1881ல் முளைத்த கல்லூரிதான் பின்னர் மதுரைக்கு வந்து, இன்று நமக்குப் பக்கத்துத் தல்லாகுளத்தில் அமெரிக்கன் கல்லூரியாக நிற்கிறது.

சீர்திருத்த சபைகளில் சாதிச் சிக்கல் அதற்குள் முற்றியிருந்தது. தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் 1829ல் சாதி வேறுபாட்டை ஆதரித்து எழுதினார். சாதி என்பது உலக வழக்கு, விசுவாசத்தைத் தொடாதது என்பது அந்தத் தரப்பு. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியைச் சபைக்குள் முற்றாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் மேல்சாதிச் சபையார் கிளர்ந்தெழுந்தார்கள்.

மதுரை அமெரிக்கன் மிஷன் 1847ல் ஒரு முடிவெடுத்தது. சாதியை விட்டதாக வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றது. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் குடித்தவர்களிடம், வீட்டுச் சாப்பாட்டையும் சேர்ந்து சாப்பிடுங்கள் என்று கேட்டார்கள். விளைவு என்ன? எழுபதுக்கும் மேற்பட்டோர் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதி உபதேசிமார். மற்றவர்களுக்குச் சீடத்துவம் கற்றுக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவர்கள். மலைப்பிரசங்கம் மனப்பாடம். பந்தி மட்டும் முடியவில்லை.

1850ல் சென்னை மிஷனரி மாநாடு இதே சோதனையைப் பொதுவாக்கித் தீர்மானம் போட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதில் சேரவில்லை. சாதியைக் கட்டாயத்தால் ஒழிக்க முடியாது, மெல்ல மெல்லத்தான் போகும் என்றது அது. இந்த 'மெல்ல மெல்ல' நமக்குப் பழக்கமான சொல். ஒடுக்கப்பட்டவரின் ஆயுள் காத்திருப்பதற்காகவே படைக்கப்பட்டது என்று நினைப்பவர்கள்தான் அதைச் சொல்வார்கள்.

கிறிஸ்தவத்தின் தொடக்க நாட்களிலேயே இதே சிக்கல் வந்திருக்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாதவரோடு சேர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். எல்லாருக்கும் முன்பாகப் பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. மூத்த சீடரான பேதுருவைப் பின்னால் வந்தவர் திருத்தினார். காரணம் தத்துவச் சண்டை இல்லை, சாப்பாட்டுப் பந்தி. எனவே 1847ல் பசுமலைப் பக்கம் நடந்ததை வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுச் சட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் படித்த வேதத்திலேயே அது எழுதியிருந்தது.

ஆனாலும் அந்தச் சோதனையில் ஒரு குறை இருந்தது. விருந்தை ஏற்பாடு செய்தவர்கள் மிஷனரிகள். தீர்ப்புச் சொன்னவர்களும் அவர்களே. அவர்களை மக்கள் 'ஐயர்' என்று அழைத்தார்கள். சீகன்பால்கு ஐயர், போப்பையர் என்று தமிழ் நாவில் அப்படித்தான் அவர்கள் பதிந்தார்கள். சில இடங்களில் 'துரை'. பங்களாவுக்கும் உபதேசியார் வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் அப்படியே இருந்தது. சாதியார் சேரியாரோடு உண்கிறாரா என்று பார்த்த ஐயர், தன் மேசையில் சேரியாருக்கு அன்றாட இடம் உண்டா என்ற கேள்விக்கு உட்படவில்லை. ஒடுக்கப்பட்ட சபையார் அந்த விருந்தில் சோதனைக்கான கருவியாக இருந்தார்கள். விருந்தளிப்பவராக இருக்கவில்லை.

'அண்ணன்' என்ற சொல்

இந்தத் தூரத்தை வெளிப்படையாகச் சொன்னவர் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்பது அந்தப் பேச்சின் சாரம். மேலிருந்து கொடுக்கும் அன்புக்கும் பக்கத்தில் உட்காரும் அன்புக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அவையிலேயே போட்டு உடைத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் தோர்ணக்கல் பேராயரானார். தெலுங்கு நாட்டின் மாலா, மாதிகா மக்களிடையே பணியாற்றினார்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை 1921ல் திருப்பத்தூரில் பார்க்கிறோம். சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவரை மக்கள் 'பெரியண்ணன்' என்றார்கள், மற்றவரை 'சின்னண்ணன்' என்றார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த நாட்டில், தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். ஐயர், துரை, சாமி என்ற ஏணியில் இல்லாத சொல் அது. உறவுச் சொல் வந்ததும் ஒருவர் மேலே இருந்து கொடுப்பது நின்று, ஒரே வீட்டில் இருப்பது தொடங்குகிறது. சீடர்களைப் பார்த்து இனி உங்களை வேலைக்காரர் என்று சொல்வதில்லை, நண்பர் என்கிறேன் என்ற யோவான் நற்செய்தியின் போதனைக்கும், உங்களில் யாரும் ரபி என்று அழைக்கப்பட வேண்டாம், எல்லாரும் சகோதரர் என்ற மத்தேயுவின் போதனைக்கும் தமிழில் இதைவிட நெருக்கமான சொல் இல்லை.

அரசரடியில் ஏறிய உலை

அந்த அண்ணன் என்ற சொல்லுக்கு மதுரையில் தலித் அரசியலின் பொருள் கொடுத்தவர் தியோபிலஸ் அப்பாவு. 1940ல் பிறந்தவர், தென்னிந்தியத் திருச்சபையின் குரு. 1969ல் அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 2005ல் மறைந்தார். அவரை 'அப்பாவு ஐயர்' என்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 'பரட்டை அண்ணன்' என்றுதான் அழைத்தார்கள். வாரிச் சீவிய தலையைப் படிப்பின் அடையாளமாகவும் பரட்டைத் தலையைச் சேரியின் அடையாளமாகவும் பார்த்த சமூகத்தில், அந்த வசவையே அவர் தன் பெயராக எடுத்துக்கொண்டார்.

சபைகளில் அதுவரை கோலோச்சியவை கர்நாடக இசைக் கீர்த்தனைகளும் மேலைநாட்டுப் பாமாலைகளும். இரண்டும் பயிற்சி பெற்றவர்களின் இசை. பாடத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டையே அமைத்தார். தீட்டு என்று கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட பறை பீடத்தருகே வந்தது. கடவுளைத் தந்தை என்று மட்டும் சொல்லாமல், தாயும் தந்தையுமான 'பெத்தவர்' என்று அழைக்கும் மொழியைக் கொண்டுவந்தார். ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்குள் மேல் எது, கீழ் எது என்பது அதன் உள்ளுறை.

அவருடைய இறையியலின் நடுவில் இருந்த படிமம் 'ஒரு உலை'. ஆளுக்கொரு அடுப்பு மூட்டி, ஆளுக்கொரு பானையில் பொங்கி, பிறகு ஒரே கடவுளைக் கும்பிடுவது ஐக்கியம் இல்லை என்றார். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டுப் பொங்கித் தின்பதுதான் திருவிருந்து என்றார். சபைத் திருவிருந்தில் அப்பம் சின்னத் துண்டு. அதைச் சேர்ந்து தின்றுவிட்டு வீட்டில் தனித் தட்டு வைக்கலாம். ஒரே உலையில் வெந்த சோற்றில் என் அரிசி எது, உன் அரிசி எது என்று பிரிக்க முடியாது. 1847ன் விருந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே சேரியார் கூட உட்கார அனுமதிக்கப்பட்டார். இங்கே அவர் அரிசி போடுகிறார். விருந்துக்குச் சொந்தக்காரர் ஆகிறார்.

நம்முடைய மூன்றாவது கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. அப்பாவுவின் பாட்டுகள் மாணவர்கள் வழியாக ஊர்களுக்குப் போயின. போன இடத்தில் மக்கள் மெட்டையும் சொல்லையும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அவர் அதைத் தடுக்கவில்லை. நாட்டுப்புறப் பாட்டின் பலமே அதுதான் என்று வரவேற்றார். கீர்த்தனையில் சுருதி விலகினால் தவறு. நாட்டுப்புறப் பாட்டில் பாடுபவரும் ஆக்குபவர். குருவின் பாட்டைச் சீடர் திருத்தலாம், சீடரின் பாட்டைச் சேரித் தாய்மார்கள் திருத்தலாம். இது ஓர் இசை உத்தி என்பதோடு, கற்றல் முறையும்கூட.

அது அவர் ஒருவரால் மட்டும் நடந்ததும் இல்லை. அந்தக் கல்லூரியில் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்கும் முறை இருந்தது. 1989ல் அங்கே தலித் ஆதார மையம் தொடங்கப்பட்டது. இறையியல் படிக்க வந்தவர்கள், சபைக்குப் போதிக்கும் முன் குடிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

எழுதச் சொன்ன தோழமை

இதே மதுரையில் இன்னொரு நிகழ்ச்சி. 1992ல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. வெளியிட்டது இயேசு சபையார் நடத்திய ஐடியாஸ் மையம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணி செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், அங்கே வசதியுள்ளவர்களுக்கே பணி நடப்பதையும் சாதி உள்ளே இருப்பதையும் கண்டு வெளியேறுகிறார். போக்கிடம் இல்லாத அந்த நேரத்தில் அவரை எழுதத் தூண்டியவர்களில் இயேசு சபைத் துறவியும் எழுத்தாளருமான மாற்கு ஒருவர். 'யாத்திரை' நாவலை எழுதியவர் அவர்.

இரண்டு வகை வழிகாட்டுதலை இங்கே ஒன்றாகப் பார்க்கலாம். மடத்தின் பயிற்சி கீழ்ப்படியச் சொல்லிக் கொடுத்தது. தோழமையோ நடந்ததை எழுது என்றது. முதலாவது திருச்சபைக்கு ஒரு கன்னியரை ஆக்க முயன்றது. இரண்டாவது தமிழுக்கு ஓர் எழுத்தாளரைத் தந்தது. அந்த எழுத்து முதலில் விமர்சித்தது திருச்சபையைத்தான். தன் சொந்த வீட்டை விமர்சிக்கும் எழுத்தை வெளியிட ஒரு துறவு சபையின் மையம் முன்வந்தது என்பதை நாம் பதிவு செய்ய வேண்டும். நொபிலியும் அதே இயேசு சபைதான். மதுரையில் ஒரு சபைக்குள்ளேயே வரலாறு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

பாமா நமக்கு இன்னொரு கேள்வியையும் விட்டுச் சென்றிருக்கிறார். 'கருக்கு', 'சங்கதி' இரண்டிலும் தலித் பெண்களின் உழைப்பு விடியும் முன் தொடங்கி இரவில் முடிகிறது. அப்படியானால் அந்த ஒரே உலையை ஏற்றுவது யார்? ஊதாங்குழல் பிடித்துப் புகை தின்பது யார்? கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவுவது யார்? ஆண்கள் சமத்துவம் பேச, பெண்கள் பந்தி பரிமாறும் ஐக்கியம் பாதி ஐக்கியம். சமையற்காரரின் சாதியைக் கேட்டுத் தொடங்கினோம். சமைப்பவர் பெண்ணா ஆணா என்பதையும் கேட்காமல் முடிக்கக் கூடாது.

நீதிமன்றம் கேட்ட சான்று

இவ்வளவையும் பழங்கதை என்று விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் சட்டம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவர், ஆதிதிராவிடர்களான மற்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் வழக்குப் போட்டார். அதே தெரு, அதே தோல், அதே ஊசி. அவர் கிறிஸ்தவர் என்பது மட்டுமே வேறுபாடு. 1985ல் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதியின் இழிவு அதே கடுமையோடு புதிய மதத்துக்குள் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது.

சான்று வேண்டுமா? 1607ல் மாறிய சமையற்காரரிலிருந்து தொடங்கலாம். 1704ல் வாசலில் நின்ற சாமியைச் சொல்லலாம். 1847ல் பந்தியை விட்டு எழுந்த உபதேசிமாரைச் சொல்லலாம். இன்றும் பல ஊர்களில் தனித்தனியாக இருக்கும் கல்லறைத் தோட்டங்களைக் காட்டலாம். 2016ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கும்படி பரிந்துரைத்தது. 2022ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அரசு, உங்கள் மதத்தில் சாதி இல்லை என்கிறது. திருச்சபையின் மேல்தட்டும் நெடுங்காலம் அதையே சொன்னது. இரண்டு பேரும் ஒரே உலை எரிவதாகச் சொல்கிறார்கள். நடுவில் சேரிக் கிறிஸ்தவர் தன் பானையோடு தனியே நிற்கிறார். இந்த இடத்தில் வரலாறு எழுதுவது வழக்குக்குச் சாட்சி சொல்வதைப் போன்றது. ஊர் ஊராக, சபை சபையாக, கல்லறைத் தோட்டம் கல்லறைத் தோட்டமாக எழுதப்பட வேண்டும்.

நம் முன் உள்ள வேலை

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபைகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் கூட்டக் குறிப்புகளும் இருக்கின்றன. கரையான் தின்பதற்குள் போய்ப் பாருங்கள். உபதேசியார்களின் பெயர்களை எழுதி எடுங்கள். அவர்கள் மனைவிமாரின் பெயர்களையும் தேடுங்கள். பெண்களுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் அவர்களாக இருக்கலாம். மூத்தவர்களிடம் பந்தியைப் பற்றிக் கேளுங்கள். திருமண விருந்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள், எந்த ஆண்டில் அது மாறியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

செயற்பாட்டாளர்களுக்கும் ஒரு சொல். சீடத்துவம் என்பது கோயிலுக்குள் மட்டும் இருப்பதில்லை. வாசகர் வட்டத்திலும், மாணவர் விடுதியிலும், கட்சிக் கிளையிலும் மூத்தவர் இளையவரை உருவாக்குகிறார். அங்கும் இந்த மூன்று கேள்விகள் செல்லும். மேடையில் பேசுபவரும் நாற்காலி அடுக்குபவரும் கூட்டம் முடிந்து ஒரே இடத்தில் சாப்பிடுகிறார்களா? இளையவர் மூத்தவரை அழைக்கும் சொல்லில் உறவு இருக்கிறதா, பயம் இருக்கிறதா? தலைவர் பிழை செய்தால், அந்தியோகியாவில் பவுல் செய்ததுபோல் எழுந்து நின்று சொல்ல ஒரு இளம்பெண்ணுக்கு இடம் இருக்கிறதா? அம்பேத்கர் நமக்குக் கொடுத்த சகோதரத்துவம் என்ற சொல்லுக்கும் நடைமுறைப் பொருள் இதுவாகத்தான் இருக்க முடியும்.

மதுரையின் நானூறு ஆண்டு அனுபவம் நமக்குச் சொல்வது ஒன்றுதான். ஒருவர் இன்னொருவரை உருவாக்கும் உறவு, அடுப்படியில் சமத்துவமாக இல்லாவிட்டால், பீடத்திலும் மேடையிலும் சமத்துவமாக இருக்காது. சாமி என்ற குருவும் ஐயர் என்ற குருவும் பந்தியருகே வந்து நின்றுவிட்டார்கள். அண்ணன் என்ற குரு உலையில் அரிசி போடச் சொன்னார். அரிசியைப் போட்டதோடு நமக்கு வேலை முடியவில்லை. நம்மில் ஆண்கள் அடுப்பு ஊதவும் பாத்திரம் கழுவவும் வர வேண்டும். அதை இன்று மதியச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம்.